இறுதியாண்டு ப்ராஜெக்ட்: தலைப்பு தேடும் நாளிலிருந்து வைவா வரை

கணினி படிப்பவர்களிடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று சொன்னாலே பேச்சு நேராகக் கோடுக்குப் போய்விடும். பைத்தானா ஜாவாவா, மொபைல் ஆப்பா வெப்சைட்டா, மெஷின் லேர்னிங் சேர்த்தால் கொஞ்சம் கனமாகத் தெரியுமா என்று. கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் அவற்றின் முறை பிறகு வரும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காரும் தேர்வாளர் உங்கள் கோடில் பெரும்பகுதியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். ஏன் இந்தப் பிரச்சினை, ஏன் இந்த அல்காரிதம், ஏன் இந்த டேட்டாபேஸ், இது வேலை செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்றுதான் கேட்பார். ரிப்போர்ட்டும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கான பதிலே.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு வெற்று ஃபைலைத் திறந்து “முடிவுகள்” என்று பெயர் வையுங்கள். ப்ராஜெக்ட்டில் எதையாவது தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் அதில் நான்கு வரி: தேதி, என்ன முடிவு, வேறு என்னென்ன வழிகள் இருந்தன, ஏன் இது. மென்பொருள் நிறுவனங்களிலும் இப்படி எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. 2011-இல் மைக்கேல் நைகார்ட் என்பவர் இதற்கு ஒரு சிறிய வடிவம் கொடுத்த பிறகு பரவலானது. இந்தக் கட்டுரையில் இந்த ஃபைல் அடிக்கடி தலைகாட்டும்.

விதிமுறைகளை முதலில் படியுங்கள்

துறை கொடுக்கும் கையேட்டை ஒரு முறை முழுதாகப் படிக்க ஒரு மணி நேரம் போதும். பலர் அதைக் கடைசி மாதத்தில்தான் திறக்கிறார்கள். பார்க்க வேண்டியவை: ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு மதிப்பெண், டெமோவுக்கு எவ்வளவு, இடையில் எத்தனை ரிவ்யூ, தனியாகவா குழுவாகவா, பக்க வரம்பு, மேற்கோள் காட்டும் முறை, ஏஐ கருவிகள் பற்றிய விதி. மனிதர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறீர்கள், அவர்களுடைய தகவலைச் சேகரிக்கப் போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படலாம். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அனுமதிக்கு முன் சேகரித்ததை ரிப்போர்ட்டில் பயன்படுத்த விடமாட்டார்கள் என்பதால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தலைப்பு: சுருக்கச் சுருக்கத்தான் உருப்படும்

தொழில்நுட்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பிரச்சினையைத் தேடுவதுதான் இங்கே பரவலாக நடக்கிறது. “பிளாக்செயினில் ஏதாவது பண்ணணும்” என்று தொடங்கும் ப்ராஜெக்ட், பிளாக்செயின் ஏன் தேவைப்பட்டது என்ற முதல் கேள்வியிலேயே தடுமாறும். யாருக்கோ உண்மையில் இருக்கிற ஒரு தொல்லையிலிருந்து தொடங்குங்கள். பிறகு அந்த யோசனையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தொல்லை யாருக்கு? அதற்கான தரவு என் கைக்குக் கிடைக்குமா? நான் செய்தது முன்பிருந்ததைவிட நன்றாக இருக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பேன்? மூன்றாவதற்குப் பதில் இல்லாத தலைப்புகள்தான் அதிகம். “மாணவர்களுக்கான ஸ்மார்ட் மேலாண்மை அமைப்பு” என்ற தலைப்பில் எதை அளப்பது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். ஒரு பல்கலைக்கழகத்தில் தேர்வு அட்டவணை போடுவது பெரிய தலைவலி. ஒரே மாணவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு தேர்வு வந்துவிடக் கூடாது, அடுத்தடுத்து வந்தாலும் கஷ்டம், அறைகளின் கொள்ளளவு வேறு. “தேர்வு மேலாண்மை அமைப்பு” என்று தலைப்பு வைத்தால் ஹால் டிக்கெட், விடைத்தாள், மதிப்பெண் பதிவு என்று எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் சுருக்கம்: அட்டவணை போடுவது மட்டும். இரண்டாவது: அறை ஒதுக்கீட்டை விட்டுவிட்டு, எந்தத் தேர்வு எந்த நேரத்தில் என்பது மட்டும். மூன்றாவது சுருக்கத்தில்தான் இது ப்ராஜெக்ட்டாக மாறுகிறது: எளிய முறை ஒன்றையும் சற்றுச் சிக்கலான முறை ஒன்றையும் எழுதி, மாணவர்களுக்கு இடைவெளி விட்டுத் தேர்வு அமைவதில் எது எவ்வளவு மேல் என்று ஒப்பிடுவது. இதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம், அளக்கலாம், முடிக்கலாம்.

தரவு? உங்கள் பல்கலைக்கழகம் மாணவர் பதிவுத் தரவைத் தராமல் போகலாம். இந்தத் துறையில் பொதுத் தரவு இருக்கிறது. 1996-இல் கார்ட்டரும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட 13 உண்மையான தேர்வு அட்டவணைச் சிக்கல்கள் டொரண்டோ தரவு என்ற பெயரில் இன்றும் புழங்குகின்றன. அளவுகோலும் அதோடு வருகிறது. ஒரு மாணவருக்கு அடுத்தடுத்த நேரப்பகுதிகளில் இரண்டு தேர்வு வந்தால் 16 அபராதப் புள்ளி, நடுவே ஒரு பகுதி காலியாக இருந்தால் 8, அதற்கடுத்து 4, 2, 1. மொத்தத்தை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் அட்டவணைக்கு ஓர் எண் கிடைக்கும். எண் குறையக் குறைய நல்லது. உங்கள் தலைப்பு வேறாக இருக்கலாம், ஆனால் இப்படியொரு தரவும் இப்படியொரு எண்ணும் உங்கள் துறையிலும் இருக்கிறதா என்று தலைப்பை உறுதி செய்யும் முன்பே தேடுங்கள். யு.சி.ஐ. களஞ்சியம், காகிள் இரண்டும் தேடத் தொடங்க ஏற்ற இடங்கள்.

சரி, புதுமை வேண்டாமா? இளநிலைப் பட்டத்துக்கு உலகமே பார்த்திராத ஒன்றைப் பொதுவாக யாரும் எதிர்பார்ப்பதில்லை. தெரிந்த முறையைப் புதிய தரவில் ஓட்டிப் பார்ப்பதும், இரண்டு முறைகளை நேர்மையாக ஒப்பிடுவதும் போதுமான புதுமைதான்.

கைடோடு வேலை செய்வது

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் ஆசிரியரான கைடைச் சந்திக்கும் நாளுக்கு முந்தைய நாள் ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள்: போன முறை பேசியதில் என்ன முடிந்தது, எது சிக்கிக்கொண்டிருக்கிறது, இந்த முறை எதில் அவர் கருத்து வேண்டும். சந்திப்பு முடிந்ததும் அவர் சொன்னதை இரண்டு வரியில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். எதுவும் நடக்காத வாரத்தில்தான் சந்திப்பைத் தவிர்க்கத் தோன்றும். அந்த வாரத்தில் கட்டாயம் போங்கள். மற்றபடி, “அடுத்து என்ன செய்யட்டும்?” என்று கேட்பதைவிட “இதைச் செய்யலாம் என்று இருக்கிறேன், இந்தக் காரணத்தால். சரியாக வருமா?” என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். அந்தப் பதில் அப்படியே முடிவுகள் ஃபைலுக்குப் போகலாம்.

முன்பு செய்தவர்களைப் படிப்பது

கூகுள் ஸ்காலரில் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். எல்லாவற்றையும் படிக்கப் போவதில்லை. முதலில் சமீபத்திய ஆய்வுத் தொகுப்புக் கட்டுரை ஒன்றைப் பிடியுங்கள். அந்தத் துறையில் யார் என்ன செய்தார்கள் என்று வேறொருவர் ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்திருப்பார். அதன் மேற்கோள் பட்டியலிலிருந்து பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவர்களைப் பார்த்து முன்னோக்கியும் போனால் உங்களுக்கு வேண்டிய கட்டுரைகள் தாமாகவே திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

ஒவ்வொரு கட்டுரையையும் முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முடிவுரை, படங்கள் என்று மட்டும் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தேறுவதை இரண்டாம் சுற்றில் படியுங்கள், சூத்திரங்களில் மாட்டிக்கொள்ளாமல். உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு அடித்தளமாகப் போகிற இரண்டு மூன்றை மட்டும் வரிவரியாகப் படித்தால் போதும். படிக்கும்போதே ஓர் அட்டவணை போட்டு வையுங்கள்: என்ன பிரச்சினை, என்ன முறை, எந்தத் தரவு, என்ன முடிவு, எதை விட்டுவிட்டார்கள். கடைசி நெடுவரிசையில்தான் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கான இடம் தெரியும். “அ இதைச் செய்தார், ஆ அதைச் செய்தார்” என்று நீளும் இலக்கிய ஆய்வு எழுதுகிறவருக்கே சலிக்கும். அட்டவணை இருந்தால் ஆட்களை வரிசையாகச் சொல்லாமல் முறைகளை வகைவகையாக எழுத முடியும்.

மேற்கோள்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் கருவியான ஸொடெரோ இலவசம்தான். எந்த வடிவம் கேட்டாலும் அதுவே மாற்றித் தரும்.

எல்லையை எழுதி வைப்பது

முன்மொழிவு எழுதும்போது “செய்யப்போவது” என்ற பட்டியலைவிட “செய்யப்போவதில்லை” என்ற பட்டியல்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். நம் உதாரணத்தில்: அறை ஒதுக்கீடு இல்லை, கண்காணிப்பாளர் ஒதுக்கீடு இல்லை, மொபைல் ஆப் இல்லை. ரிவ்யூவில் யாராவது “இதையும் சேர்க்கலாமே” என்றால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

செய்யப்போவதை நான்கு கூடைகளில் பிரியுங்கள்: கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை. 1994-இல் டாய் கிளெக் உருவாக்கிய மாஸ்கோ முறை இதுதான். கட்டாயக் கூடையில் இருப்பவை மட்டும் முடிந்தாலும் ப்ராஜெக்ட் தேற வேண்டும் என்பதுதான் கணக்கு. கட்டாயக் கூடையில் பதினைந்து அம்சம் இருந்தால் நீங்கள் இன்னும் பிரிக்கவே இல்லை என்று அர்த்தம்.

தேவைகளை எழுதும்போது சோதிக்க முடிகிற மாதிரி எழுதுங்கள். “அமைப்பு வேகமாக இயங்க வேண்டும்” என்பதை யாராலும் சோதிக்க முடியாது. “500 தேர்வுகள் கொண்ட தரவுக்கு, சாதாரண லேப்டாப்பில், 60 விநாடிக்குள் மோதல் இல்லாத அட்டவணை தர வேண்டும்” என்றால் சோதனை என்ன என்பது தேவையிலேயே இருக்கிறது.

திட்டம்

எந்த வேலை எப்போது என்று பட்டைகளாகக் காட்டும் காண்ட் சார்ட் போடச் சொல்வார்கள், போடுங்கள். ஆனால் அதில் கோடிங் என்று ஒரு நீளப் பட்டையும் அதன் முடிவில் டெஸ்டிங், ரிப்போர்ட் என்று இரண்டு சின்னப் பட்டைகளும் இருந்தால் அதை அன்றே கிழித்துப் போட்டுவிடலாம். கோடிங் பட்டை நீளும், மற்ற இரண்டும் நசுங்கும்.

இதற்கு மாற்று, முதல் நான்கைந்து வாரங்களுக்குள் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓடுகிற ஒன்றைக் கட்டிவிடுவது. எவ்வளவு மொக்கையாக இருந்தாலும் பரவாயில்லை. நம் உதாரணத்தில்: ஃபைலைப் படிக்கிறது, ஒவ்வொரு தேர்வையும் மோதாத முதல் நேரப்பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறது, அபராதப் புள்ளியைக் கணக்கிட்டு ஓர் எண்ணை அச்சிடுகிறது. லாகின் இல்லை, அழகான திரை இல்லை. ஆனால் அன்றைக்கே உங்கள் கையில் ஒரு முடிவு இருக்கிறது. அதற்குப் பிறகு செய்கிற ஒவ்வொன்றும் அந்த எண்ணைக் குறைக்கிறதா என்று பார்க்கலாம். லாகின் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு மூன்றாம் மாதத்திலும் காட்டுவதற்கு லாகின் பக்கம்தான் இருக்கும்.

ஆபத்துகளையும் பட்டியல் போடுங்கள், ஆனால் “மழை வரலாம், கரண்ட் போகலாம்” என்ற ரகத்தில் வேண்டாம். தரவு கிடைக்காவிட்டால் என்ன மாற்று? மாடலைப் பயிற்றுவிக்க ஜி.பி.யு. போதாவிட்டால்? நம்பியிருக்கும் வெளிச் சேவையின் ஏ.பி.ஐ. கட்டணமாகிவிட்டால்? எது எளிதில் உடையுமோ அதை முதலில் முயன்று பாருங்கள். இரண்டாவது வாரத்தில் உடைந்தால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம், இருபதாவது வாரத்தில் முடியாது. கடைசி மூன்று வாரங்களைத் திட்டத்தில் காலியாகவே விடுங்கள். அவை எப்படியும் நிரம்பிவிடும்.

கட்டுவது

எந்தத் தொழில்நுட்பம் என்ற கேள்வி இப்போது வரலாம். ஏற்கெனவே தெரிந்ததை எடுங்கள், புதிதாக ஒன்றுக்கு மேல் கற்றுக்கொள்ளாதீர்கள். சில நூறு பேர் பயன்படுத்தும் அமைப்புக்கு எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். பெரிய அமைப்புகளுக்கான மைக்ரோசர்வீஸ், குபர்நெட்டீஸ் எல்லாம் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு எதற்கு என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அவை வேண்டாம்.

முதல் நாளே கிட்: கோடில் செய்யும் மாற்றங்களைக் கமிட் என்ற பதிவுகளாகச் சேமித்து வைக்கும் கருவி. தனி ஆளாகச் செய்தாலும் கிட். “அப்டேட்”, “ஃபைனல்”, “ஃபைனல் 2” என்ற கமிட் செய்திகள் யாருக்கும் உதவாது. என்ன மாற்றினீர்கள், எதற்காக என்று எழுதுங்கள். ரிப்போர்ட்டில் “செயலாக்கம்” அத்தியாயம் எழுதும்போது கமிட் வரலாறுதான் உங்கள் நாட்குறிப்பு. குழு ப்ராஜெக்ட்டில் யார் என்ன செய்தார்கள் என்ற தகராறு வந்தாலும் அதுதான் சாட்சி. பாஸ்வேர்டையும் ஏ.பி.ஐ. சாவியையும் தனி ஃபைலில் வைத்து, அதை கிட் கண்டுகொள்ளாதபடி செய்துவிடுங்கள். ஒரு முறை கமிட் ஆகிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். அப்படி நடந்துவிட்டால் சாவியையே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும். பயனர்களின் பாஸ்வேர்டை டேட்டாபேஸில் அப்படியே சேமிப்பதும் தேர்வாளர்கள் தேடிப் பிடிக்கிற தவறு. பிகிரிப்ட் மாதிரி, பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாத வடிவில் மாற்ற இதற்கென்றே இருக்கும் ஹாஷ் முறையைப் பயன்படுத்துங்கள்.

அல்காரிதம் தேர்வில், எளியதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். தேர்வு அட்டவணைச் சிக்கல் அடிப்படையில் வரைபடத்துக்கு நிறம் தீட்டும் சிக்கல்தான். தேர்வு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, பொது மாணவர் இருக்கும் இரண்டு தேர்வுகளுக்கு இடையே ஒரு கோடு, நேரப்பகுதிதான் நிறம். இதற்கு 1979-இல் டேனியல் பிரெலாஸ் வெளியிட்ட, மிகவும் நெருக்கடியான புள்ளிக்கு முதலில் நிறம் தரும் டீசாட்டர் முறையைச் சில டஜன் வரிகளில் எழுதிவிடலாம். அதை எழுதி, எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம், தற்செயலாகச் சிறு மாற்றங்கள் செய்து பார்த்து அட்டவணையைப் படிப்படியாக மேம்படுத்தும் சிமுலேட்டட் அன்னீலிங் பக்கம் போகலாம். நேராகச் சிக்கலான முறைக்குப் போனவரிடம் “எளிய முறை இதைவிட எவ்வளவு மோசம்?” என்று கேட்டால் பதில் இருக்காது. இன்னொன்று, நிறம் தீட்டும் சிக்கல் என்.பி. கடினம் என்ற வகையைச் சேர்ந்தது, அதாவது பெரிய அளவில் மிகச் சிறந்த விடையை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் தெரியாத வகை. ஆகவே ரிப்போர்ட்டில் “மிகச் சிறந்த அட்டவணையைத் தரும்” என்று எழுதிவிடாதீர்கள், அதை நிரூபிக்கச் சொல்வார்கள். “இந்த நேர வரம்புக்குள் கிடைத்ததில் நல்லது” என்பதே சொல்லக்கூடியது.

மேலே உள்ள பத்தியில் மட்டுமே மூன்று முடிவுகள் இருக்கின்றன, கவனித்தீர்களா? மூன்றும் ஃபைலில் ஏற வேண்டியவை.

அளப்பது

ப்ராஜெக்ட்டின் தரம் வெளிப்படும் இடம் இது. அவசரத்தில் அரைப் பக்கத்தில் முடிகிற இடமும் இதுவே. “அமைப்பு வெற்றிகரமாகச் செயல்பட்டது” என்று எழுதி, சில திரைப் படங்களை ஒட்டி, முடிவுரைக்குப் போய்விடுகிறார்கள்.

மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்டுகளில் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். 1,000 பதிவுகளில் 950 சாதாரணமானவை, 50 மோசடி என்றால், எல்லாவற்றையும் சாதாரணம் என்று சொல்லும் புரோகிராம்கூட 95 சதவீதத் துல்லியம் காட்டும், ஒரு மோசடியைக்கூடப் பிடிக்காமல். எதை எதுவாகத் தவறாகச் சொன்னது என்ற முழு அட்டவணையைப் போடுங்கள். பிரிசிஷன் (மோசடி என்று சொன்னவற்றில் எத்தனை உண்மையிலேயே மோசடி), ரீகால் (இருந்த மோசடிகளில் எத்தனையைப் பிடித்தது) இரண்டையும் தாருங்கள். இரண்டில் எதில் தவறினால் உங்கள் பயனருக்கு நஷ்டம் அதிகம் என்று எழுதுங்கள், அங்கேதான் உங்கள் சிந்தனை தெரியும்.

துல்லியம் 99 சதவீதம் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். பயிற்சித் தரவும் சோதனைத் தரவும் எங்கோ கலந்திருக்கின்றன என்பதுதான் அடிக்கடி காரணமாக இருக்கும். ஒரே நோயாளியின் இரண்டு படங்கள் இரண்டு பக்கமும் போயிருக்கலாம். பிரிப்பதற்கு முன்பே சராசரி கணக்கிட்டுத் தரவை மாற்றியிருக்கலாம். எண்ணிக்கையைச் சமன் செய்ய நகலெடுத்த பதிவுகள் சோதனைப் பக்கம் போயிருக்கலாம். முதலில் பிரியுங்கள், மற்ற எல்லா வேலையும் பிறகு. சோதனைத் தரவைக் கடைசி வரை தொடாதீர்கள்.

தற்செயல் எண்களைப் பயன்படுத்தும் எந்த முறையையும் ஒரே ஒரு முறை ஓட்டி முடிவு எழுதக் கூடாது. வெவ்வேறு தொடக்க எண்களோடு (சீட்) பல முறை ஓட்டி, சராசரியையும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் தாருங்கள். அன்னீலிங் உதாரணத்தில் ஏற்ற இறக்கமே டீசாட்டரோடு இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், “எங்கள் முறை மேல்” என்று சொல்ல முடியாது. தொடக்க எண், நூலகங்களின் பதிப்பு, எந்தக் கணினி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். தரவின் பதிப்பையும்தான். டொரண்டோ தரவில் ஒரே பெயரில் சற்றே வேறுபட்ட பதிப்புகள் உலவுகின்றன. வேறொருவர் முடிவோடு ஒப்பிடும்போது அவர் எதைப் பயன்படுத்தினார் என்று பார்க்காவிட்டால் அந்த ஒப்பீடே செல்லாது.

பயனர்கள் தொடும் அமைப்பாக இருந்தால் வேறு விதம். நண்பர்கள் ஐந்து பேரிடம் “நல்லா இருக்கா?” என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள், “இந்த இரண்டு தேர்வுகளையும் ஒரே நாளில் வராதபடி மாற்றுங்கள்” என்று. பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எங்கே தயங்குகிறார்கள், எதைத் தவறாக அழுத்துகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது. வடிவமைப்பில் இருக்கும் பெரிய குறைகளைக் கண்டுபிடிக்க ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் வாதிட்டார். ஆனால் அது குறை கண்டுபிடிப்பதற்கான கணக்கு, “80 சதவீதம் பேர் திருப்தி” என்று எழுதுவதற்கு ஐந்து பேர் போதாது. பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதற்கு எண்ணாக ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய எஸ்.யு.எஸ். வினாப்பட்டியல் இருக்கிறது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒற்றைப்படை வாக்கியங்களில் விடையிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண். அது சதவீதம் கிடையாது. சுமார் 68 என்பதைச் சராசரியாகக் கொள்கிறார்கள், ஆகவே 60 வந்தால் முதல் வகுப்பு என்று கொண்டாட வேண்டாம்.

முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால்? எழுதுங்கள். சிக்கலான முறை எளியதைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை என்பது ஒரு முடிவு. ஏன் என்று ஆராய்ந்து எழுதிய அத்தியாயத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். எண்களைத் திருத்தி எழுதியது தெரிந்தால் பட்டமே கேள்விக்குறியாகிவிடும்.

ரிப்போர்ட்

வரிசைப்படி எழுத வேண்டாம். இலக்கிய ஆய்வை அட்டவணை சூடாக இருக்கும்போதே எழுதுங்கள், வடிவமைப்பைக் கோடிங்குக்கு நடுவில், மதிப்பீட்டை எண்கள் வந்த வாரத்தில். முன்னுரையும் முடிவுரையும் அதற்குப் பிறகு. சுருக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. வடிவமைப்பு அத்தியாயத்தில், அமைப்பின் கட்டமைப்பைக் காட்டும் யு.எம்.எல். படங்களை வரிசையாக அடுக்குவது ஒரு வழக்கமாகிவிட்டது. படத்துக்குக் கீழே அதைப் பற்றி இரண்டு பத்தி எழுத எதுவும் இல்லையென்றால் படம் தேவையில்லை. எழுத என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முடிவுகள் ஃபைலைத் திறங்கள். மாற்று வழிகளும் காரணங்களும் தேதியோடு அங்கே கிடக்கும், வாக்கியமாக்கினால் போதும்.

அடுத்தவர் எழுதியதைச் சொல் மாற்றி எழுதினாலும் மேற்கோள் வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த கோடுக்கும் அப்படியே. ஸ்டாக் ஓவர்ஃபுளோ பதில்கள்கூட, ஆசிரியரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமத்தின் கீழ்தான் வெளியாகின்றன. டர்னிட்டின் போன்ற கருவி தரும் ஒப்புமைச் சதவீதத்தைக் குறைப்பதையே வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பகுதி எதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

ஏஐ கருவிகள் பற்றி: விதி அனுமதித்தால் பயன்படுத்துங்கள், எங்கே பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். அவை தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் கலந்து வரும், ஒவ்வொன்றையும் தேடித் திறந்து பார்த்த பிறகே சேருங்கள். உங்களால் விளக்க முடியாத ஒரு வரிகூடக் கோடில் இருக்க வேண்டாம்.

குழுவாகச் செய்கிறவர்கள் இதையும் கவனியுங்கள்: “ஒருவர் கோடு, ஒருவர் ரிப்போர்ட், ஒருவர் பிபிடி” என்று பிரிக்கும் வழக்கம் வைவாவில் மாட்டிவிடும். கேள்வி யாரிடமும் வரலாம். அம்சங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரும் தன் பகுதியைக் கட்டி, சோதித்து, எழுதட்டும். ஒருவர் வேலை செய்யாவிட்டால் கடைசி வரை பொறுத்துப் போகாமல் இரண்டாம் மாதத்திலேயே கைடிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பதாகாது.

டெமோவும் வைவாவும்

டெமோ நாளில் வைஃபை வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். எல்லாம் லேப்டாப்பிலேயே ஓட வேண்டும், முன்கூட்டியே நிரப்பிய தரவோடு. அதுவும் சொதப்பினால் காட்ட, ஓடுவதைப் பதிவு செய்த மூன்று நிமிட வீடியோ. டெமோவுக்கு முந்தைய இரவு ஒரு வரிகூட மாற்றாதீர்கள். லாகின், பதிவு, பாஸ்வேர்டு மாற்றம் என்று காட்டி நேரத்தைக் கரைக்காமல் நேராக மையமான விஷயத்துக்குப் போங்கள்: இதோ மோதல்கள் இருந்த அட்டவணை, இதோ அமைப்பு தந்தது, இதோ இரண்டின் எண்கள்.

வைவாவில் வழக்கமாக வரும் கேள்விகள் ஒரு கைக்குள் அடங்கும். ஒரே நிமிடத்தில் ப்ராஜெக்ட்டைச் சொல்லுங்கள். ஏன் இந்த முறை, அது ஏன் இல்லை? தரவு பத்து மடங்கானால் என்ன ஆகும்? இதன் பெரிய குறை என்ன? மறுபடி தொடங்கினால் எதை மாற்றிச் செய்வீர்கள்? குறை பற்றிய கேள்விக்கு “குறை எதுவும் இல்லை” என்று சொல்பவருக்கு அடுத்த பத்து நிமிடம் கஷ்டம்தான். நீங்களே இரண்டு குறைகளைச் சொல்லி, ஏன் அவற்றை விட்டுவைத்தீர்கள் என்றும் சொன்னால் பேச்சு உங்களுக்குத் தெரிந்த பாதையில் போகும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று ஒரு வரி சேர்க்கலாம். முந்தைய நாள் ரிப்போர்ட்டை முழுதாக ஒரு முறையும், முடிவுகள் ஃபைலை இரண்டு முறையும் படியுங்கள்.

ஒப்படைத்த பிறகு

சமர்ப்பித்த கமிட்டுக்கு கிட்டில் ஒரு டேக் போடுங்கள், திருத்தம் கேட்டால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். ரீட்மீ ஃபைலில் இருப்பதை மட்டும் பார்த்து வேறொருவர் தன் கணினியில் ஓட்ட முடிகிறதா என்று ஒரு நண்பரை வைத்துச் சோதியுங்கள். கோடைப் பொதுவெளியில் வைக்க நினைத்தால் அதன் உரிமை யாருக்கு என்று பல்கலைக்கழக விதியைப் பார்த்துவிட்டு ஓர் உரிமம் சேருங்கள். யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்றால் எம்.ஐ.டி., அதை மாற்றி வெளியிடுபவரும் தன் கோடைத் திறந்தே தர வேண்டும் என்றால் ஜி.பி.எல். உரிமமே இல்லாமல் வைத்தால் மற்றவர்கள் அதைச் சட்டப்படி பயன்படுத்த முடியாது. பயனர் சோதனையில் சேகரித்த தகவலை, நெறிமுறைப் படிவத்தில் ஒப்புக்கொண்டபடி அழித்துவிடுங்கள். கிளவுட்டில் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் முடிவுகள் வந்ததும் நிறுத்துங்கள், கார்டு இணைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். இல்லையென்றால் மாதாமாதம் பில் வந்துகொண்டே இருக்கும்.